ஊறுமுன் இறைக்கலாமா?

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலிலே பண்ணைத் தாம்போதியைக் கடந்து தீவகம் நோக்கிச் செல்லும் வாகனங்களுட் பல, வேலணையிலுள்ள சாட்டிக் கடற்கரையைச் சென்றடைவன. வெண்மணற் பரப்பும் ஆழங் குறைந்த கடலும் குழந்தைகளுடன் வருவோருக்கு வாய்ப்பான இடமாக அமைந்திருத்தலின், யாழ்ப்பாணத்தார் குடும்பமாக அங்கு செல்வதை வழக்கமாகவே கொண்டுள்ளனர். ஆனால் கடல் பார்க்கச் செல்வோரிற் பலர் நினையாத வேறொரு செல்வமும் சாட்டிக்கு உண்டு. அஃது அதன் நன்னீர். சுற்றிவர உப்புக் கடல் சூழ்ந்த தீவகத்திலே, சாட்டிக் கிணறுகளின் நீர் அயலூர்களின் தாகத்தையும் நெடுங்காலமாகத் தீர்த்து வந்திருக்கிறது.

கடலுக்கு இத்துணை அருகில் நன்னீர் எவ்வாறு நிற்கின்றது? மழை நீர் மணலினூடு இறங்கி, கீழேயுள்ள கனத்த உவர் நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி உயரத்துக்கு நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறத்தாழ 40 அடிவரை அது தங்கியிருக்கும் என்பது நிலநீர் நூலார் கணக்கு. இக்கணக்கின் மறுபக்கம் கவனிக்கத் தக்கது. மேலே 1 அடி நீர் குறைந்தால், கீழிருந்து உவர் 40 அடி ஏறக்கூடும். பேராசை கொண்டு ஒரே மூச்சில் இறைத்த கிணறு உவராகி விடும் என்பதைத் தீவக மக்கள் இக்கணக்கைப் படியாமலே அறிவர். ஊற விட்டு அள்ளினால் தலைமுறை தலைமுறையாக இனிக்கும். ஊறுமுன் இறைத்தால் உள்ள இனிமையும் கெடும்.

குழந்தை வளர்ப்பைப் பற்றி எழுதும் இப்பகுதியிலே கிணற்றைப் பற்றிப் பேசுவானேன் என வாசகர்கள் வினவலாம். வேலணைப் பகுதியிலிருந்து ஒரு தாயார் எமக்கு எழுதியுள்ள கடிதமே இதற்குக் காரணம். அவருடைய கணவர் வெளிநாட்டிலே தொழில் செய்கிறார். மகனுக்கு 4 வயதும் 2 மாதமும். முன்பள்ளிக்குச் செல்கிறான். அயல்வீட்டுப் பிள்ளை அதே வயதில் உயிரெழுத்துப் பன்னிரண்டையும் எழுதுகிறதாம். ஆங்கில எழுத்துக்களையும் எழுதுகிறதாம். தம் மகனோ மண்ணை விட்டு எழும்புகிறானில்லை என்பது தாயாரின் குறை. கடிதத்தின் பிற்பகுதியை அவர் வாக்கிலேயே தருகிறோம்:

"ஒருநாள் பொறுக்க முடியாமற் பூவரசங் கம்பினால் இரண்டு அடி போட்டுவிட்டேன். இப்பொழுது கொப்பியைக் கண்டாலே கட்டிலின் கீழே போய் ஒளிக்கிறான். 'விடு பிள்ளை, தன்பாட்டில் வரும்' என்கிறார் மாமி. ஏன் அழுகிறான் என்று அவர் தொலைபேசியிற் கேட்டபொழுது எனக்கு மறுமொழி வரவில்லை. மாமி சொல்வது சரியா, நான் செய்தது சரியா?"

இக்கேள்வி ஒரு வீட்டுக்கு மாத்திரம் உரியதன்று. ஆகவே, குழந்தை மடியில் இருக்கும் நாள் முதல் தோளுக்கு மேல் வளரும் நாள் வரை பருவந்தோறும் பெற்றோர் செய்யத் தக்கது யாது, தகாதது யாது என்பதை முதலில் ஆராய்ந்து, பின்னர் அத்தாயாருக்கு மறுமொழி கூறுவோம்.

புலவர் கண்ட பருவங்கள்

பிள்ளையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாக நோக்கும் முறையை நாம் மேல்நாட்டாரிடம் கடன் வாங்க வேண்டியதில்லை. பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்த வகை அதனையே செய்கிறது. 12 ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் இவ்வகையுள் மிகப் பழைய நூல்களுள் ஒன்று. பாட்டுடைத் தலைவனையோ தெய்வத்தையோ குழந்தையாகப் பாவித்து 10 பருவங்களாற் பாடுவது மரபு. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி ஆகிய 7 பருவங்களும் இருபாலார்க்கும் பொது. எஞ்சிய மூன்றும் ஆண் குழந்தைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் எனவும், பெண் குழந்தைக்குக் கழங்கு, அம்மானை, ஊசல் முதலியனவாகவும் அமையும்.

3 ஆம் திங்கள் தொடங்கி 21 ஆம் திங்கள் வரை ஒற்றைப்படைத் திங்கள்களிலே இப்பருவங்களை அடைவு செய்த இலக்கண நூலாரும் உளர். காப்பிலே பிள்ளை காக்கப்படுகிறது. செங்கீரையிலே கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடுகிறது. தாலிலே தாலாட்டைக் கேட்டு நாவசைக்கிறது. சப்பாணியிலே இரு கையுங் கொட்டுகிறது. வாரானையிலே தளர்நடை நடந்து வருகிறது. அம்புலியிலே வானத்து நிலவை விளையாட அழைக்கிறது. தொட்டிலில் தொடங்கிய உலகம் முற்றத்துக்கும் வானத்துக்கும் விரிவதை இதனினும் அழகாக அடைவு செய்தல் அரிது.

இவ்வடைவிலே பெற்றோர் சிந்திக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. பத்துப் பருவங்களுள் எழுத்துக்கென ஒரு பருவம் இல்லை. பாட்டுடைத் தலைவன் நாடாளப் பிறந்த அரசனாயினும், உலகாளும் தெய்வமாயினும், அவனை மணல் வீட்டைக் காலால் உதைத்து விளையாடும் பிள்ளையாகவே புலவர் காண்கின்றனர். கல்வியின் அருமையை அறியாதவரல்லர் அவர். கல்விக்கு முன்னே நிகழ வேண்டியவை சில உள என்பதை அறிந்தவர். அப்பருவங்கள் நம்மவர் முற்றங்களினின்றும் முற்றாக மறைந்து விடவில்லை. சிறுதேர் நம் பிள்ளைகளின் கையிலே பனங்காய் வண்டிலாயிற்று. கழங்கு கொக்கான் வெட்டும் விளையாட்டாயிற்று. ஊசல் வருடப்பிறப்பு ஊஞ்சலாயிற்று. சிற்றிலுக்கோ சாட்டி மணலினும் சிறந்த இடம் வேண்டுமா?

மடியிலிருந்து தரைக்கு

பிறந்தது முதல் ஒன்றரை வயது வரையுள்ள காலத்திலே பெற்றோரின் தலையாய கடமை காப்பு. முதல் 6 மாதங்களும் தாய்ப்பால் ஒன்றே போதும், நீரும் வேண்டியதில்லை. அதன்பின் தாய்ப்பாலுடன் குழைத்த சோறும் பருப்பும் கீரையும் மீனும் படிப்படியாகச் சேர வேண்டும். நம்மவர் சோறு தீற்றுதலை ஒரு சடங்காகவே செய்தமை, அஃதொரு புதிய பருவத்தின் வாயில் என்பதை உணர்ந்தமையாலன்றோ?

இத்துறையிலே நமது நாடு பெருமை கொள்ளத் தக்கது. 1926 இல் களுத்துறையிலே தொடங்கிய முதற் சுகாதாரப் பிரிவின் வழியே வளர்ந்த ஏற்பாட்டினால், குடும்பநல உத்தியோகத்தர் தாய்மாரின் வீடு தேடி வருகிறார். 1940 களிலே பிறந்த குழந்தைகளில் 1000 பேருக்கு 100 பேருக்கு மேல் முதலாண்டு நிறையுமுன் இறந்த காலமும் இருந்தது. இன்று அத்தொகை பத்துக்கும் குறைவு. அவர் நிறை குறித்துத் தரும் பதிவேட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டாது, மாதந்தோறும் திறந்து பார்த்தல் தாய் தந்தையர் இருவரதும் கடன்.

இப்பருவத்திலே பெற்றோரை வாட்டும் நோய் ஒன்றுண்டு. அது பிள்ளைக்கு வருவதன்று. அயலாரால் பெற்றோருக்கு வருவது. "அவளின்ரை பிள்ளை பத்து மாதத்தில் நடந்துவிட்டது, உன்ரை பிள்ளை இன்னும் தவழுகிறதா?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் அன்றிரவு தாய்க்குத் துயில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளின் குழந்தைகளை அவதானித்து 2006 இல் வெளியிட்ட முடிபை அத்தகைய தாய்மார் அறிதல் நலம். குழந்தை தானே நடக்கத் தொடங்கும் காலம் 8 மாதம் முதல் 17½ மாதம் வரை பரந்து கிடக்கிறது. கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே நடைக்குச் சென்ற குழந்தைகளும் 100 க்கு ஏறத்தாழ நால்வர். பத்தில் நடந்ததும் பதினாறில் நடந்ததும் பள்ளி செல்லும் வயதிலே ஒன்றாகவே ஓடும்.

ஆயினும், பொறுத்திருத்தல் என்பது பாராதிருத்தல் அன்று. 18 மாதங் கடந்தும் பிள்ளை நடவாவிடின், பெயர் சொல்லி அழைத்தும் திரும்பிப் பாராவிடின், 2 வயது நிறைந்தும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாவிடின், முன்னர் செய்தவற்றை இப்பொழுது செய்ய மறந்துவிடின், நாட் கடத்தாது வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். இந்நிலையில் "தகப்பனும் பிந்தித்தான் பேசினவர்" என்று ஆறுதல் கூறும் அயலாரின் சொல்லும் கேட்கத் தக்கதன்று.

பல்லுக் கொழுக்கட்டைச் சடங்கிலே பிள்ளையின் முன் புத்தகமும் பேனையும் நகையும் பரப்பி, எதனை எடுக்கிறது என்று பார்த்து மகிழ்கிறோம். மகிழ்தல் தகும். பேனையை எடுத்த பிள்ளையை அன்றே வைத்திய கலாநிதியாக்கி விடுதல்தான் தகாது.

ஓடுவதும் திரும்புவதும்

ஒன்றரை வயது முதல் 3 வயது வரையுள்ள பிள்ளையை அறிய விரும்புவோர் சாட்டிக் கரையிலே சற்று நேரம் அமர்ந்திருந்தாற் போதும். பிள்ளை தாயின் கையை உதறிவிட்டு அலையை நோக்கி ஓடுகிறது. அலை வந்து காலை நனைத்ததும் வீரிட்டுக்கொண்டு தாயிடம் திரும்புகிறது. மடியைத் தொட்டதும் அச்சந் தீர்கிறது, மீண்டும் ஓடுகிறது. இம்முறை முன்னையினும் இரண்டடி அதிகம்.

மேரி ஐன்ஸ்வேர்த் என்னும் உளநூல் அறிஞர் 1954 இலும் 1955 இலும் ஆபிரிக்காவின் உகண்டா நாட்டிலே, கம்பாலா நகரை அடுத்த கிராமங்களில் தாய்மாரையும் குழந்தைகளையும் வீடு வீடாகச் சென்று அவதானித்தார். 1967 இல் அதனை நூலாக வெளியிட்டார். தாயின்பால் உறுதியான பற்றுடைய குழந்தை அவளோடு ஒட்டிக்கொண்டே இராது. அவளைத் தளமாக வைத்துக்கொண்டு உலகை ஆராயப் புறப்படும் என்பதே அவர் கண்ட உண்மைகளுள் முதன்மையானது. திரும்பி வர இடம் உண்டு என்ற நம்பிக்கையே தூரம் செல்லும் துணிவைத் தருகிறது.

ஆகவே இப்பருவத்திலே பெற்றோர் செய்யத் தக்கவை இரண்டு. ஓடும் பிள்ளையைத் தடுக்காதிருத்தல் ஒன்று. திரும்பும் பிள்ளையை ஏசாதிருத்தல் மற்றொன்று. "நான் சொன்னேனே, ஏன் ஓடினாய்?" என்று பயந்து வரும் பிள்ளையை அதட்டுபவர், அது நாளை பயந்து வரும்பொழுது தம்மிடம் வராதிருக்கப் பழக்குகிறார். "மாட்டேன்", "நான்தான் செய்வேன்" என்று பிள்ளை அடம் பிடிப்பதும் இப்பருவத்தின் இயல்பே. அது தான் வேறு, தாய் வேறு என்று கண்டுகொண்டமையின் பேச்சு. சட்டையைத் தானே போட முயன்று தலைகீழாகப் போட்டுக்கொள்ளும் பிள்ளைக்கு ஐந்து நிமிடம் காத்திருக்கக் கற்ற தாய், பின்னர் ஐந்து வருட வேலையை மிச்சம் பிடிப்பாள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆழங் குறைந்த கடல் என்று நம்பிச் சிறுவரைத் தனியே விடுதல் பெரும் பிழை. ஓர் அடி நீரிலும் குழந்தை மூழ்கும். பெரும்பாலும் சத்தமின்றியே மூழ்கும். கரையிலிருந்து பார்த்துக் கொண்டிருந்தாற் போதாது. பெரியவர் ஒருவரின் கை எட்டும் தூரத்திலே குழந்தை இருத்தல் வேண்டும். பிள்ளையின் மனத்துக்கு விடுதலை தருவோர், உடலின் காவலைத் தளர்த்துதல் ஆகாது.

மணல் வீடும் ஏடும்

இனி, எமக்கு எழுதிய தாயாரின் மகன் நிற்கும் பருவத்துக்கு வருவோம். 3 முதல் 5 வயது வரை விளையாட்டே பிள்ளையின் தொழில். ஈர மணலைச் சிரட்டையிலே அடைத்துக் கவிழ்க்கும் பிள்ளை என்ன கற்கிறது? உலர்ந்த மணல் நில்லாது, மிக நனைந்த மணலும் நில்லாது, அளவான ஈரமே நிற்கும் என்று கற்கிறது. பெரிய சிரட்டைக்கு ஆறு பிடி, சிறிய சிரட்டைக்கு மூன்று பிடி என்று எண்ணுகிறது. "இது வீடு, இது கிணறு, நீ அம்மா, நான் அப்பா" என்று கூறும்பொழுது, இல்லாததை உள்ளதாக மனத்திலே கொள்ளக் கற்கிறது. இச்சிறு குறி ஓர் ஓசையைக் குறிக்கும் என்று கொள்வதன்றோ எழுத்தும்? மணலை வீடாகக் காணப் பழகிய பிள்ளைக்குக் கோட்டை எழுத்தாகக் காணுதல் எளிது.

கையின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மணிக்கட்டிலே 8 சிற்றெலும்புகள் உள. குழந்தை பிறக்கும்பொழுது அவை குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஒவ்வொன்றாக எலும்பாக இறுகி வர ஏறத்தாழ 10 ஆண்டுகள் செல்லும். 4 வயதிலே அவ்வேலை பாதியளவே முடிந்திருக்கும். விரல்களின் நுண்ணிய தசைகளும் அவ்வாறே மெல்ல மெல்லப் பழக்கத்துக்கு வருவன. மண் பிசைதல், சிப்பி பொறுக்குதல், கொக்கான் பிடித்தல், ஓலையிற் காற்றாடி செய்தல் ஆகியவையே பேனை பிடிக்கப் போகும் கைக்கு ஏற்ற பயிற்சிகள்.

இத்தாலி நாட்டு அம்மையார் மரியா மொண்டிசோரி 1907 இல் உரோமை நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றிலே தமது முதலாவது குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939 இல் சென்னை அடையாறுக்கு வந்து உலகப் போர்க் காலத்தை இந்தியாவிலேயே கழித்தார். 1944 இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். அவரது முறையிலே பிள்ளை முதலிற் பேனை பிடிப்பதில்லை. உருளைகளைத் தூக்கிப் பொருத்துகிறது. சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துக்களை விரலால் தடவுகிறது. கை ஆயத்தமான பின் எழுத்துத் தானே பொங்கி வருகிறது என்று அவர் கண்டார். இன்று ஊருக்கு ஊர் அவர் பெயரைப் பலகையில் எழுதி வைத்துக்கொண்டு, 3 வயதுப் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் கொடுத்தனுப்பும் நிலையங்களை அவர் காண்பாராயின் என் சொல்வாரோ!

விசயதசமியிலே நாம் ஏடு தொடக்குகிறோமே என்று கேட்பாரும் உளர். தொடக்குதல் நன்றே. ஆயின் அதன் முறையை நோக்குக. பெரியவர் பிள்ளையை மடியில் இருத்தி, அதன் விரலைத் தம் கையாற் பிடித்து, அரிசியிலே எழுதுவிக்கிறார். எழுதியவுடன் பிள்ளைக்கு இனிப்புக் கிடைக்கிறது. அது விளையாட ஓடிவிடுகிறது. எழுத்தின் முதல் நினைவு மடியின் வெப்பமும் வாயின் இனிப்புமாக இருத்தல் வேண்டும் என்பதே அச்சடங்கின் கருத்தெனக் கொள்ளலாம். அந்நினைவு இருக்க வேண்டிய இடத்திலே பூவரசங் கம்பின் நினைவை வைத்தல் நன்றாமா?

இப்பருவத்திலே கைத்தொலைபேசியைப் பற்றியும் ஒரு சொல். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரை வேண்டியதே இல்லை. 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019 இல் விடுத்த அறிவுரை. சோறு தீற்றுவதற்குத் திரையைக் காட்டும் வழக்கம் அம்புலி காட்டிய வழக்கத்துக்கு ஈடாகாது. அம்புலி காட்டும் தாய் பேசுவாள், பிள்ளையும் பேசும். திரையின் முன்னோ இருவரும் வாய் மூடி இருக்கின்றனர்.

பள்ளியும் பரீட்சையும்

5 வயது நிறைந்த பிள்ளை முதலாந் தரத்திற் சேர்கிறது. 1990 களின் இறுதியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், முதலிரு தரங்களிலே விளையாட்டுக்கு முதன்மை தந்து, பின்னர் செயற்பாட்டுக்கும், ஐந்தாந் தரத்திலே மேசை வேலைக்கும் படிப்படியாகச் செல்லுமாறு வகுத்தது. பருவம் அறிந்த ஏற்பாடே. அதனைக் குலைத்தது பரீட்சை அச்சம்.

ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் நோக்கம் உயர்ந்தது. கன்னங்கரா அவர்கள் 1940 களிலே இலவசக் கல்வியையும் மத்திய கல்லூரிகளையும் நாட்டுக்குத் தந்த காலத்தின் எண்ணத்திலே தோன்றியது அது. கிராமத்து ஏழைப் பிள்ளையும் திறமையால் உயர வழி திறத்தலே அவ்வெண்ணம். வேலணையிலும் ஒரு மத்திய கல்லூரி உண்டு என்பதை இங்கு நினைவு கூர்தல் தகும். அவ்வாறு ஏழைக்கு ஏணியாக வந்தது, இன்று பெற்றோரின் கௌரவப் போட்டியாகி விட்டது. 10 வயதுப் பிள்ளை அதிகாலையிற் தனியார் வகுப்பு, பகலிற் பாடசாலை, மாலையில் மீண்டும் தனியார் வகுப்பு என்று சுழல்கிறது. 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரத் துயில் வேண்டும் என்று வைத்தியர் கூறுவர். அத்துயிலை வெட்டி வாங்கும் புள்ளிகள் எத்துணைக் காலம் நிற்கும்?

பரீட்சை எழுதுதல் பிழையன்று. ஆயத்தம் செய்தலும் வேண்டியதே. ஆனால் பெறுபேறு வெளியாகும் நாளிலே, வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்த பிள்ளை தன் தாயின் முகத்தைப் பார்க்கும். அம்முகத்திலே அது காண்பதே அதன் வாழ்நாட் பாடம். இப்பருவத்துப் பிள்ளை தன்னைத் தானே அளக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. பெற்றோர் கையிற் கொடுக்கும் அளவுகோலாலேயே அளக்கும். அக்கோலிலே உழைப்பும் நேர்மையும் பிறருக்கு உதவுதலும் குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். கிளித்தட்டிலே தோற்றுச் சிரித்துப் பழகிய பிள்ளை, பரீட்சையிலே தோற்றாலும் எழுந்து நிற்கும்.

தோளுக்கு மேல் வளர்ந்தால்

தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்பது பழமொழி. சொல்லுதல் எளிது, தோழனாக நடத்துதல் அரிது. பெண் பிள்ளை பெரியவளானதும் சாமத்திய வீட்டை ஊரறியச் செய்கிறோம். ஆனால் தன் உடலில் நிகழ்வது யாது என்று அப்பிள்ளைக்கு முன்னரே அமைதியாக விளக்கிய தாய்மார் எத்தனை பேர்? ஆண் பிள்ளைக்குச் சடங்குமில்லை, விளக்கமுமில்லை. குரல் உடைந்த நாள் முதல் அவன் தகப்பனோடு பேசுவதும் குறைந்து விடுகிறது.

இப்பருவத்திலே மூளையின் உணர்ச்சிப் பகுதிகள் முந்தி விழிக்கின்றன. ஆராய்ந்து அடங்கும் ஆற்றலுக்குரிய முன்பகுதியோ 20 வயது கடந்தும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஆகையால் வளர்ந்த பிள்ளையின் கோபமும் மறதியும் குணக்கேடு அல்ல. அவையும் பருவத்தின் வேலை. சாட்டி அலையிலே ஓடித் திரும்பிய அதே பிள்ளைதான் இவரும். ஓடும் தூரம் மாத்திரமே கூடியிருக்கிறது. இரவு பிந்தி வரும் மகனுக்குச் சோற்றை மூடி வைத்திருந்து, உண்ட பின் "எங்கே போனாய், தம்பி?" என்று கேட்கும் வீட்டுக்கு அவன் திரும்பி வருவான்.

முற்றம் வெறுமையான பின்

இவையாவும் ஒரு தாயால் தனித்துச் செய்யத் தக்கனவா? அன்று அவ்வாறு எவரும் செய்யவில்லை. அம்மம்மா கதை சொன்னாள். சித்தி தலை வாரினாள். மாமி பத்தியக் கறி வைத்தாள். பெரியப்பா பனங்காய் வண்டில் செய்து கொடுத்தார். பிள்ளையின் முரண்டினால் தாய் சலித்த வேளையிலே, தூக்கிச் செல்ல அடுத்த வளவிலே ஓர் இடுப்பு இருந்தது. 1990 இலும் 1991 இலும் போரினால் தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். திரும்பியோர் சிலர், ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் வேரூன்றியோர் பலர். வளவுக்கு வளவு பூட்டிய வீடுகள் இருக்கின்றன. அவற்றின் நடுவே இளந்தாய் தனித்து நிற்கிறாள். அங்கே கடல் கடந்த மாடி வீட்டிலும் அவள் சகோதரி அவ்வாறே தனித்து நிற்கிறாள். கை தவறி விழும் அடிகளுட் பல, பிள்ளையின் பிழையால் விழுவனவல்ல. தாயின் களைப்பினால் விழுவன என்பதே எமது எண்ணம்.

ஆகவே, முற்றத்தை நாமே மீண்டும் கூட்டுதல் வேண்டும். மூன்று நான்கு குடும்பத்தார் ஒன்று சேர்ந்து, கிழமைக்கு ஒரு மாலை பிள்ளைகளைக் கூடி விளையாட விடுக. ஒருவர் மாறி ஒருவர் காவலிருப்பின், மற்றத் தாய்மாருக்கு ஒரு மணி நேர ஓய்வு கிட்டும். தனித்திருக்கும் ஆச்சிமாரை அங்கே அழைத்து வருக. அவர்களிடம் கதைகள் உண்டு, கேட்பார்தாம் இல்லை. வெளிநாட்டிலிருக்கும் தந்தையர் தொலைபேசியிலே "இன்றைக்கு என்ன படித்தாய்?" என்று கேட்பதை விடுத்து, இரவிலே ஒரு சிறு கதை சொல்லுக. பரீட்சகராக அழைக்கும் தகப்பனிலும் கதை சொல்ல அழைக்கும் தகப்பனைப் பிள்ளை ஆவலோடு எதிர்பார்த்திருக்கும்.

அத்தாயாருக்கு எமது மறுமொழி

அம்மணி, உமது மாமியார் கூறியது பாதி உண்மை. "தன்பாட்டில் வரும்" என்பது கிணற்றுக்கும் முழுவதும் பொருந்தாது. தூர் வாரிச் சுற்றுப்புறத்தைத் துப்புரவாக வைத்திருந்தாலே நல்ல நீர் ஊறும். பிள்ளைக்கு அத்துப்புரவு யாதெனில், பேச்சும் கதையும் பாட்டும் விளையாட்டும் பக்கத்தில் ஒருவர் இருத்தலுமே. உமது பதைப்பும் பாதி உண்மை; அது பிள்ளையின்மேல் வைத்த அன்பினின்றும் பிறந்தது. கம்பு மாத்திரமே முழுப் பிழை.

இன்றே கொப்பியை எடுத்து ஒரு மாதத்துக்கு உயரத்தில் வைத்துவிடும். "அம்மா அடித்தது பிழை, இனி அடிக்க மாட்டேன்" என்று மகனிடம் வாய் திறந்து சொல்லும். அது தாய்மைக்கு இழுக்கன்று. பிழையை ஒப்புக்கொள்ளும் பாடத்தைப் பிள்ளை வேறெங்கும் இதனினும் நன்றாகக் கற்காது. அவனைச் சாட்டிக்கு அழைத்துச் சென்று மணலிலே வீடு கட்ட விடும். சிப்பிகளைப் பெரிது சிறிதாக அடுக்கச் சொல்லும். நீர் மணலிலே விரலால் அவன் பெயரின் முதலெழுத்தை எழுதிவிட்டுப் பேசாதிரும். அவன் "இதென்ன அம்மா?" என்று கேட்டாற் சொல்லும், கேளாவிடின் அலை அழித்துக்கொண்டு போகட்டும். இரவில் ஒரு படப் புத்தகத்தை மடியில் வைத்து வாசித்துக் காட்டும். ஒருமுறை கண்ணையும் காதையும் வைத்தியரிடம் பரிசோதித்துக்கொள்ளும், ஐயம் நீங்கும். அயல்வீட்டுப் பிள்ளை எழுதுவதைக் கண்டு மகிழும். அஃது அப்பிள்ளையின் ஊற்று.

முதலாந் தரத்துக்கு இன்னும் 10 மாதங்களேனும் உள. அன்று உமது மகன் எத்தனை எழுத்து அறிந்திருக்கிறான் என்று எண்ண வேண்டாம். கொப்பியைக் கண்டு ஒளியாமல், அதனைத் தானே தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்பானாயின், நீரும் உமது மாமியாரும் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டீர்கள் என்று கொள்ளும். ஏனையவற்றை ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.